விறாந்தையிலிருந்து விரிவுரை மண்டபத்திற்கு



பாட்டனாரின் மடியிலிருந்து கேட்டுக் கற்றுக்கொள்ள வேண்டிய ஓர் இசையைப் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் முன்னிலையில், பரீட்சை எழுதிக் கற்க முடியுமா? அப்படிக் கற்றால் அது அதே இசையாக இருக்குமா? உலகின் பல நாடுகளிலும் எழுந்த வினா இது. நம் இசையும் குருகுலத்திலிருந்து கலாசாலைக்குப் பெயர்ந்த பொழுது இவ்வினா எழாமல் இல்லை. ஆயினும் இன்று நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் நமக்குத் தொலைவிலுள்ளது. ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்கே அப்பலாச்சியன் மலைத்தொடரையும் அதனை அடுத்த நாட்டுப்புறங்களையும் தாயகமாகக் கொண்ட 'புளூகிராஸ்' என்னும் இசையே அது. அவ்விசையைக் கற்பதற்கென்றே அந்நாட்டில் கல்லூரிகளில் துறைகள் உள்ளன. கலைமாணிப் பட்டமும் வழங்கப்படுகின்றது. இதனைக் கேட்டு மகிழ்ந்தோரும் உண்டு; முகஞ் சுளித்தோரும் உண்டு. இரு சாராரிடத்தும் நியாயம் இருக்கின்றது. அந்நியாயங்களைச் சற்று நிறுத்துப் பார்ப்பதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில், இந்த இசை எத்தகையது என்று சொல்லிவிடுதல் வேண்டும். ஐவர் அல்லது அறுவர் கூடி நிற்பர். ஒருவர் கையில் பிடில், ஒருவர் கையில் பாஞ்சோ, ஒருவரிடம் மாண்டலின், ஒருவரிடம் கித்தார், பின்னால் ஆளுயரப் பெரிய பாஸ் வாத்தியம். மின்சாரத்தால் ஒலிக்கும் கருவி மரபில் இல்லை, முரசும் இல்லை. முரசின் வேலையை மாண்டலின் செய்கின்றது. தாளத்தின் எதிர்த்தட்டில் தந்திகளை ஒரு முறை வெட்டி, உடனே ஓசையை அடக்கிவிடுவர். கேட்பவருக்கு அது கோடரி விழுவது போன்றிருக்கும். பாடகர் ஒரு சரணத்தைப் பாடி முடித்ததும், ஒவ்வொரு வாத்தியக்காரரும் முறைவைத்து முன்னே வந்து அம்மெட்டைத் தம் கற்பனைக்கு ஏற்ப விரித்து வாசிப்பர். பழைய மலைக்கிராம இசையில் எல்லோரும் ஒருங்கே ஒரே மெட்டை வாசிப்பர். அது நடனத்திற்கு உரியது. புளூகிராஸ் இருந்து கேட்பதற்கு உரியது. வேகம் மிக்கது, குரல் உச்சத்தில் நிற்பது. பாட்டின் பொருளோ பெரும்பாலும் விட்டு வந்த வீடும், இறந்துபோன தாயும், கைவிட்ட காதலும், கடவுளின் கருணையுமாம். துள்ளி ஓடும் தாளத்தின் மேல் துயரத்தைப் பாடுவது இவ்விசையின் தனி இயல்பு.

இக்கருவிகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் ஒரு பெரிய வரலாறே விரிகின்றது. பிடில் ஸ்கொத்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்து ஆகிய நாடுகளிலிருந்து குடியேறியவர்களோடு வந்தது. மாண்டலின் இத்தாலியக் கருவி. பாஞ்சோ மேற்கு ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துவரப்பட்ட மக்களின் நினைவிலிருந்து பிறந்தது. சுரைக்குடுக்கையின் மேல் தோல் போர்த்தித் தந்தி கட்டியதே அதன் தொடக்க வடிவம். அதிலுள்ள குட்டையான ஒரு தந்தி இன்றும் அந்த ஆபிரிக்கப் பிறப்பைக் காட்டி நிற்கின்றது. ஆகவே 'மலைநாட்டு வெள்ளையரின் இசை' என்று பலர் எண்ணும் இவ்விசை, உண்மையில் பல கண்டங்களின் கூட்டுறவு.

இவற்றையெல்லாம் ஒரு வடிவில் சேர்த்தவர் பில் மன்றோ. 1911ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள் கெண்டக்கி மாநிலத்தில் ரோசின் என்னும் சிற்றூரின் அருகே பிறந்தவர். எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி, கண்பார்வையும் குறைவு. அண்ணன்மார் பிடிலையும் கித்தாரையும் எடுத்துக்கொள்ள, இவருக்கு எஞ்சியது மாண்டலின். பதினேழு வயது நிறையுமுன் தாயும் தந்தையும் மறைந்தனர். தாய்மாமன் பென் வாண்டிவர் வீட்டில் இருந்து, அவரோடு நடன வீடுகளுக்குச் சென்று, அவருடைய பிடிலுக்குப் பக்கவாத்தியம் வாசித்தார். ஆர்னல்ட் ஷுல்ட்ஸ் என்னும் கறுப்பினத் தொழிலாளி ஒருவர் அப்பகுதியில் கித்தாரும் பிடிலும் வாசிப்பதில் பேர்பெற்றிருந்தார். அவரோடும் சிறுவன் மன்றோ நடனங்களுக்கு வாசித்ததுண்டு. தேவாலயத்தின் கூட்டுப்பாட்டு மூன்றாவது ஆசான். பின்னர் வயிற்றுப்பாட்டுக்காக வடக்கே சென்று, சிக்காகோ நகரின் அருகே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையொன்றில் கூலி வேலை செய்தார். ஊரை விட்டுப் போனவனுடைய ஏக்கம் அவர் பாட்டில் ஒலிப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்னலாம். கெண்டக்கியை 'நீலப்புல் மாநிலம்' என்பது வழக்கு. அதனால் தம் குழுவிற்கு 'நீலப்புல் பையன்கள்' என்று பெயரிட்டார். குழுவின் பெயரே 1950ஆம் ஆண்டுகளில் இசைக்கும் பெயராயிற்று.

1945ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அக்குழுவில் ஓர் இளைஞர் சேர்ந்தார். வட கரோலைனாவைச் சேர்ந்த ஏர்ல் ஸ்கிரக்ஸ் என்பவர். அப்பொழுது வயது 21. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய மூன்றாலும் பாஞ்சோவை மீட்டும் முறை அவர் பிறந்த பகுதியில் முன்னரே இருந்தது. அதனை அவர் ஒரு பெருங்கலையாக்கினார். அதன் நுட்பத்தை நம் நேயர்களுக்கு எளிதில் விளக்கலாம். ஓர் அடிக்கு எட்டு அட்சரம். மீட்டுவதோ மூன்று விரல். மூன்று எட்டைச் சரியாக வகுக்காது. ஆகவே 'தகிட தகிட தக' என்று மூன்றும் மூன்றும் இரண்டுமாக விழுகின்றது. தாளம் நேராக நடக்க, விரல்கள் அதன்மேல் சாய்ந்து சாய்ந்து உருள்கின்றன. 'உருட்டு' என்ற பொருள்படும் சொல்லாலேயே அதனை அவர்கள் வழங்குவர். 1946ஆம் ஆண்டு செப்டம்பரில் சிக்காகோவில் மன்றோ, ஸ்கிரக்ஸ், பாடகர் லெஸ்டர் பிளாட் முதலியோர் கூடிப் பதிவு செய்த பாடல்களையே இவ்விசையின் இலக்கணம் என்று பின்வந்தோர் கொண்டனர்.

இனி, இதனை மக்கள் எவ்வாறு கற்றனர் என்பதைக் காண்போம். வீட்டு விறாந்தையிலே கற்றனர் என்று சொல்வது வழக்கம்; அது உண்மையில் பாதி. மறுபாதி வானொலி. நாஷ்வில் நகரில் டபிள்யூ.எஸ்.எம். என்னும் வானொலி நிலையம் 1925ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கிய சனிக்கிழமை இரவு நிகழ்ச்சி ஒன்று, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் 'கிராண்ட் ஓல் ஒப்ரி' என்னும் பெயரைப் பெற்றது. 1932 முதல் அந்நிலையம் 50,000 வாட் ஆற்றலுடன் ஒலிபரப்பியது. இரவில் அதன் குரல் பல மாநிலங்களுக்கும் எட்டும். 1939ஆம் ஆண்டு ஒக்டோபரில் மன்றோ அந்நிகழ்ச்சியில் சேர்ந்தார். மலைச்சரிவிலுள்ள ஒரு குடிசையில் பற்றரி வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்திருந்த சிறுவர்களுக்கு அதுவே முதற் கல்லூரி. அதில் கட்டணமில்லை, வரவுப் பதிவில்லை. ஆனால் 'இன்னொரு தடவை வாசியுங்கள்' என்று ஆசிரியரைக் கேட்கவும் வழியில்லை.

அவ்வழியைத் தந்தது இசைத்தட்டு. நீண்ட நேரம் ஓடும் தட்டுகள் நிமிடத்திற்கு 33⅓ சுற்று சுழல்வன. சில கிராமபோன் பெட்டிகளில் 16⅔ என்னும் வேகமும் இருந்தது, அது சரிபாதி. அவ்வேகத்தில் தட்டைச் சுழலவிட்டால் பாஞ்சோ பாதி வேகத்தில், ஒரு ஸ்தாயி தாழ்ந்து ஒலிக்கும். பறந்து சென்ற விரல்கள் அப்பொழுது நடந்து செல்லும். ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்து, தட்டின் அதே பள்ளம் தேயுமளவும் கேட்டு, ஒரு தலைமுறை இவ்வாறு கற்றது.

'இவ்விசை பள்ளிக்கூடத்தைக் கண்டதே இல்லை; அதனைப் பள்ளிக்கூடத்தில் அடைப்பது அதன் இயல்புக்கு மாறு' என்போர் மற்றொன்றையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். 19ஆம் நூற்றாண்டு தொட்டே தென்மாநிலங்களில் ஊர் ஊராகச் சென்று பாட்டுக் கற்பித்த ஆசிரியர்கள் இருந்தனர். அவர்கள் சில நாள் ஓர் ஊரில் தங்குவர், தேவாலயமே வகுப்பறை. சுரங்களை முக்கோணம், வட்டம், சதுரம் என்று வடிவங்களால் எழுதிக் காட்டி, எழுத்தறிவு குறைந்தோரையும் கூட்டுக்குரலில் பாடவைப்பர். 1844இல் வெளிவந்த 'புனித யாழ்' என்னும் பாட்டு நூல் அம்முறைக்குப் பேர்போனது. புளூகிராஸ் பாடகர்களின் அடுக்குக் குரலுக்கு இப்பாட்டுப் பள்ளிகளும் ஒரு வேர். ஆகவே, பள்ளிக்கூடம் இவ்விசைக்குப் புதிது என்பது பொருந்தாது. உயர்கல்வி அதன்பால் திரும்பியதே புதிது.

திரும்புவதற்கு எத்தனை காலம் சென்றது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கின்றேன். டெனசி மாநிலத்தின் கிழக்கு மூலையில் ஜோன்சன் சிற்றி என்னும் நகரம் உள்ளது. அங்கே 1911ஆம் ஆண்டில், அதாவது மன்றோ பிறந்த அதே ஆண்டில், ஆசிரியர் பயிற்சிக் கலாசாலை ஒன்று திறக்கப்பட்டது. அதுவே இன்றைய கிழக்கு டெனசி அரச பல்கலைக்கழகம். அதற்கு அண்மையிலுள்ள பிறிஸ்டல் நகரில் 1927ஆம் ஆண்டு கோடையில் ரல்ப் பியர் என்னும் பதிவாளர் வந்து தங்கி, மலைவாழ் பாடகர்களை அழைத்துப் பாடவைத்துத் தட்டுகளில் பதிந்தார். கார்ட்டர் குடும்பத்தாரும் ஜிம்மி ரொட்ஜர்ஸும் அங்கேயே முதன்முதலாகப் பதிவாயினர். 1928, 1929ஆம் ஆண்டுகளில் கொலம்பியா நிறுவனத்தார் ஜோன்சன் சிற்றிக்கே வந்து பதிவு செய்தனர். ஊரே பாடிக்கொண்டிருந்தது, தட்டு வியாபாரியின் காதில் அது விழுந்தது. ஆனால் அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தில் அவ்விசை இடம்பெற்றது 1982ஆம் ஆண்டில். எழுபத்தொரு ஆண்டுகள்!

இத்தாமதத்திற்குக் காரணம் என்ன? இவ்விசையை வெறுத்தார்கள் என்பதைவிட, அதை இசையென்று எண்ணவில்லை என்பதே பொருந்தும். மலைவாழ் மக்களை 'காட்டான்' என்ற பொருளில் இகழும் ஒரு சொல் அந்நாட்டில் வழங்கியது. அவர்களுடைய பாட்டு விற்கப்பட்டதும் அந்த இகழ்ச்சிப் பெயரோடுதான். கல்வி என்றால் மலையிலிருந்து இறங்குவது, ஊர்ப் பேச்சை மாற்றுவது, பட்டணத்து நடையுடை பாவனைகளைப் பழகுவது என்று கருதிய காலம் அது. நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்த தந்தை தன் மகனைக் கல்லூரிக்கு அனுப்பியது பாஞ்சோவிலிருந்து விடுவிப்பதற்கு. பாஞ்சோவைப் படிப்பதற்கு அன்று. தன் வீட்டு ஒலியைக் கேட்டு நாணுவதே முன்னேற்றத்தின் முதற்படி என்று ஒரு பிள்ளைக்குக் கற்பிக்கப்படுமானால், அவன் பெறுவது எவ்வளவு, இழப்பது எவ்வளவு? புளூகிராஸ் கல்லூரிக்கு வந்த கதையில் என் உள்ளத்தை மிகவும் தொட்ட வினா இதுவே.

மாற்றம் ஒரு விந்தையான வழியில் வந்தது. மலைப்பிள்ளைகள் நகரத்தை நோக்கிச் சென்ற காலத்திலே, நகரத்து மாணவர் மலையிசையை நோக்கி வந்தனர். பொஸ்டனில் பிறந்து ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியில் கற்ற பில் கீத் என்னும் இளைஞர், ஸ்கிரக்ஸின் வாசிப்பைச் சுரம் பிசகாமல் தாளில் எழுதினார். அவரையே 1963இல் மன்றோ தம் குழுவிற் சேர்த்துக்கொண்டார். 1968இல் ஸ்கிரக்ஸின் பெயரால் வெளிவந்த பாஞ்சோப் போதினிக்கு அக்குறிப்புகள் பயன்பட்டன. இதற்கிடையே, 1965ஆம் ஆண்டு செப்டம்பரில் வேர்ஜீனியாவின் பின்காஸ்ல் என்னும் ஊரில், ஒரு குதிரைப் பண்ணையிலே, பல நாள் நீடித்த முதற் புளூகிராஸ் விழா நடந்தது. பேராசிரியரும் பாரவண்டிச் சாரதியும் ஒரே புற்றரையில் அமர்ந்து கேட்டனர்.

1975இல் டெக்சஸ் மாநிலத்தின் லெவலாண்ட் என்னும் ஊரிலுள்ள சவுத் பிளெயின்ஸ் கல்லூரி நாட்டுப்புற இசைக்கும் புளூகிராஸுக்கும் ஒரு பாடநெறியைத் தொடங்கியது. லெவலாண்ட் என்றால் சமதரை என்று பொருள். கண்ணுக்கெட்டிய தூரம் பருத்தி வயல். மலையின் சாயலே இல்லை. மலையிசைக்கு முதலில் இருக்கை தந்தது சமவெளி! மறு ஆண்டு, 1976இல், டெனசியின் லிங்கன் நினைவுப் பல்கலைக்கழகம் மூத்த பாடகர் ரல்ப் ஸ்ரான்லிக்குக் கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. அன்று முதல் அவர் மறையும் வரை, 2016 வரை, விழா மேடைகளில் அவரைக் 'கலாநிதி ரல்ப்' என்றே அழைத்தனர். பின்னர் 1982இல், ஜாக் டொட்டில் என்னும் மாண்டலின் கலைஞர், முன்னர் நான் சொன்ன கிழக்கு டெனசிப் பல்கலைக்கழகத்தில் புளூகிராஸ் வகுப்பை ஆரம்பித்தார். சிறிதாகத் தொடங்கிய அவ்வகுப்பு காலப்போக்கில் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பாக வளர்ந்தது.

அங்கே என்ன கற்கின்றனர்? தனி வாத்தியப் பயிற்சி உண்டு, குரற் பயிற்சி உண்டு, வரலாறு உண்டு, ஒலிப்பதிவுக்கூடத்தில் பழகுதல் உண்டு, ஒப்பந்தம், பதிப்புரிமை முதலிய தொழில் நுணுக்கங்களும் உண்டு. ஆயினும் பாடத்தின் நடுநாயகம் குழு வகுப்பே. ஐந்தாறு மாணவரை ஒரு குழுவாக்கி, ஒரு தவணை முழுவதும் ஒன்றாகப் பயிலவிட்டு, இறுதியில் மேடையேற்றுவர். பக்கத்தில் நிற்பவன் பாடும்பொழுது தான் எப்படி அடங்கி வாசிப்பது, தன் முறை வரும்பொழுது எப்படி முன்வருவது, வந்த பின் எப்படி விலகி நிற்பது என்பனவற்றை அங்கே கற்கின்றனர். எழுத்துக் குறிப்பு தேவைப்படும் இடத்தில் எண்களைக் கையாள்வர். ஆதார சுருதி எதுவாயினும் அதனை ஒன்று என்று கொண்டு, நான்காம் சுரத்தின் கூட்டொலி, ஐந்தாம் சுரத்தின் கூட்டொலி என்று எண்ணாற் குறிப்பர். பாடகரின் குரலுக்கு ஏற்பச் சுருதியை மாற்றினாலும் எண்கள் மாறா. நாஷ்வில் ஒலிப்பதிவுக் கலைஞர்கள் 1950ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் கையாளத் தொடங்கிய முறை அது. பேராசிரியர் வகுத்ததன்று, தொழிலாளர் வகுத்தது.

இனி, எதிர்ப்பாளரின் வாதத்தைக் கேட்போம். 'முன்னர் ஒவ்வொரு பள்ளத்தாக்கிற்கும் ஒரு வில்லோட்டம் இருந்தது. பிடில்காரர் வாசிப்பதைக் கேட்டே அவர் ஊரைச் சொல்லிவிடலாம். கல்லூரியோ எல்லோரையும் ஒரே வார்ப்பில் ஊற்றுகின்றது. பிழையின்றி வாசிப்பார்கள்; ஆனால் யார் வாசிக்கிறார் என்று தெரியாது' என்பது அவர்கள் கூற்று. இதில் உண்மை இல்லாமலில்லை. பாஞ்சோ கற்போர் ஐந்து கோடிட்டு அதன்மேல் எண்களை எழுதிய தாளைப் பார்த்து வாசிப்பதுண்டு. எந்தத் தந்தியில் எந்த மெட்டில் விரல் வைப்பது என்பதை அத்தாள் சொல்லும். எவ்வளவு அழுத்துவது, எங்கே ஒரு மயிரிழை பிந்துவது, எங்கே வாசியாமல் விடுவது என்பதை அது சொல்லாது. தாளையே குருவாகக் கொண்டவனுக்குக் காது உறங்கிப் போகும்.

ஆனால் ஒன்றை நினைக்க வேண்டும். ஊருக்கு ஊர் வேறுபட்ட வில்லோட்டத்தை முதலில் அழித்தது கல்லூரியன்று, வானொலியும் இசைத்தட்டுமே. ஸ்கிரக்ஸ் வானொலியில் வாசித்த சில ஆண்டுகளுக்குள் எத்தனையோ பாஞ்சோக்காரர் தம் பழைய பாணியைக் கைவிட்டு அவரைப் பின்பற்றினர். அன்றியும், நல்ல கல்லூரி தாளை நம்பி நிற்பதில்லை. ஆளை அழைத்து வருகின்றது. லெவலாண்டில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கற்பித்த அலன் மண்டே மேடையில் பேர்பெற்ற பாஞ்சோக் கலைஞர். கெண்டக்கியின் ஹைடன் நகரைப் பாருங்கள். அது நிலக்கரிப் பிரதேசம். 1970ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் அவ்வூருக்கு அருகே ஒரு சுரங்கம் வெடித்து 38 தொழிலாளர் மாண்டனர். பின்னாளில், அதே ஊரிலே, ஹசார்ட் சமூகக் கல்லூரியின் ஆதரவில் ஒரு புளூகிராஸ் இசைப்பள்ளி எழுந்தது. அவ்வட்டாரத்திலே பிறந்து, தம்பி சோனியுடன் உலகறியப் பாடிய பொபி ஒஸ்போர்ன் தம் முதுமையில் அங்கே ஆசிரியராக அமர்ந்தார். தம் மண்ணின் பிள்ளைகளுக்கு அவர் கற்பித்த வகுப்பு, பெயரளவில் கல்லூரி. உண்மையில் நீண்டதொரு விறாந்தை.

இன்னொரு வாதம் பணத்தைப் பற்றியது. அமெரிக்காவில் உயர்கல்விக் கட்டணம் பெரும் சுமை. பாஞ்சோ வாசித்துக் கடனை அடைக்க முடியுமா என்று பெற்றோர் கேட்பது நியாயமே. புளூகிராஸ் கலைஞர் பலர் மன்றோவின் காலத்திலும் செல்வர் அல்லர், இன்றும் அல்லர். ஆகவே மாணவர் சிலர் வேறொரு துறையில் பட்டம் பெற்று, இதனைத் துணைப்பாடமாகக் கொள்கின்றனர். பின்னாளில் நாட்டுப்புறப் பாடகராகப் பெரும் புகழடைந்த கென்னி செஸ்னி, ஜோன்சன் சிற்றியில் விளம்பரத்துறை பயின்றுகொண்டே புளூகிராஸ் குழுவில் வாசித்தவர். தொழிலுக்கு ஒன்று, உள்ளத்திற்கு ஒன்று என்னும் இந்த ஏற்பாட்டை நான் குறைகூற மாட்டேன்.

இழப்பைச் சொன்னபின் ஆதாயத்தையும் சொல்லவேண்டும். விறாந்தைக்கு ஒரு குறை உண்டு: அது வீட்டாருக்கே திறந்திருப்பது. தந்தை மகனுக்குக் கற்பிப்பான். மகள் பாடலாம், ஆனால் இரவு நடனத்திற்குப் பாஞ்சோ எடுத்துச் செல்வது அரிது. மன்றோவின் குழுப்பெயரே 'பையன்கள்'. வகுப்பறையோ பெயர் பதிந்த யாவருக்கும் உரியது. மினசோட்டாவிலிருந்து ஜோன்சன் சிற்றிக்கு வந்து கற்ற பெக்கி புல்லர் என்னும் பெண், 2016இல் சர்வதேசப் புளூகிராஸ் சங்கத்தின் சிறந்த பிடில் கலைஞர் விருதையும் சிறந்த பாடகி விருதையும் ஒரே ஆண்டில் பெற்றார். அதே ஆண்டு சியரா ஹல் மாண்டலினுக்குரிய விருதை வென்ற முதற் பெண்ணானார். மறு ஆண்டு மொலி டட்டில் கித்தாருக்குரிய விருதை வென்ற முதற் பெண்ணானார். இவ்விருவரும் பொஸ்டனிலுள்ள பேர்க்லி இசைக் கல்லூரியிற் கற்றவர்கள். ஜாஸ் இசைக்குப் பேர்போன அக்கல்லூரி 2009இல் அமெரிக்க வேரிசைக்கென ஒரு திட்டத்தையே தொடங்கியிருந்தது.

கடல் கடந்தும் மாணவர் வந்தனர். இரண்டாம் உலகப் போரின் பின் அமெரிக்கப் படையினரின் வானொலி மூலம் ஜப்பானில் இவ்விசை பரவியது. அந்நாட்டின் மரபுக் கதைப்பாடகராகிய தக்கேஹாரு குனிமொட்டோ 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஜோன்சன் சிற்றிப் பல்கலைக்கழகத்திற்கு வந்து தங்கினார். தோல் போர்த்த மூன்று தந்திக் கருவியாகிய சமிசெனைப் பாஞ்சோவின் அருகே வைத்துப் புளூகிராஸ் வாசித்தார். எங்கோ பிரிந்துபோன உறவினர் இருவர் சந்தித்தது போன்றிருந்தது அச்சேர்க்கை.

எல்லாவற்றிலும் பெரிய ஆதாயம் ஒன்றுண்டு. விறாந்தை மெட்டை நினைவில் வைக்கும். வரலாற்றை எப்பொழுதும் வைக்காது. பாஞ்சோவின் ஆபிரிக்கப் பிறப்பு அதை நாள்தோறும் வாசித்தவர் பலருக்கே தெரியாமற் போயிற்று. அதனை ஆவணங்களிலும் பழைய ஓவியங்களிலும் தேடி மீட்டவர்கள் ஆராய்ச்சியாளர். 2005ஆம் ஆண்டில் வட கரோலைனாவின் பூன் நகரில், அப்பலாச்சியன் அரச பல்கலைக்கழகத்தில், கறுப்பினப் பாஞ்சோக் கலைஞரின் மகாநாடு ஒன்று கூடியது. அங்கே சந்தித்த இளைஞர் மூவர், 'கரோலைனா சொக்லட் டிராப்ஸ்' என்னும் குழுவை அமைத்துத் தம் மூதாதையரின் கருவியை மீண்டும் கையிலெடுத்தனர். அவர்களுள் ஒருவரான ரியானன் கிடன்ஸ் இன்று உலகப் புகழ் பெற்றவர். மன்றோவுக்கு வழிகாட்டிய ஆர்னல்ட் ஷுல்ட்ஸ் 1931இல் இறந்தார். அவர் வாசித்த இசைத்தட்டு ஒன்றேனும் இல்லை. ஆயினும் அவர் பெயரால் 2020இல் ஒரு நிதியம் நிறுவப்பட்டு, இவ்விசையைக் கற்கவரும் கறுப்பினத்தவருக்கு உதவுகின்றது. பெயரும் மறந்துபோகவிருந்த ஓர் ஆசானுக்குப் பிந்திய குருதட்சணை அது.

இவ்வளவும் சொன்னபின், கல்லூரி தரமுடியாத ஒன்றும் இருக்கின்றது என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். புளூகிராஸ் விழாக்களில் மேடைக் கச்சேரி முடிந்த பின்னர்தான் உண்மையான வகுப்புத் தொடங்கும் என்பர். வண்டிகள் நிறுத்தும் திடலில், விளக்கொளியில், முன்பின் அறியாதோர் வட்டமாக நின்று வாசிப்பர். பாட்டைத் தொடங்குபவர் சுருதியைச் சொல்வார். அடுத்தவர் முறை என்பதைத் தலையசைப்பாற் காட்டுவார். முடியாதவர் தலையை ஆட்டி மறுத்துவிடலாம். ஒருவரும் தவறாக எண்ணார். பதின்மூன்று வயதுச் சிறுமியும் எழுபது வயதுக் கிழவரும் அவ்வட்டத்தில் சமம். அங்கே புள்ளி இல்லை, தரம் இல்லை. ஆனால் தன் நிலை எது என்பது ஒவ்வொருவருக்கும் மூன்றே நிமிடத்தில் தெரிந்துவிடும். நல்ல கல்லூரி ஆசிரியர் தம் மாணவரை அந்தத் திடலுக்கு அனுப்பிவைப்பார். தீய ஆசிரியர் தம் வகுப்பே போதும் என்பார்.

ஆகவே முதலில் கேட்ட வினாவிற்கு விடை இதுதான். கல்லூரி ஓர் இசையைப் பிறப்பிக்க மாட்டாது. ஆனால் அதற்கு நேரத்தைத் தரும், தோழரைத் தரும், தொலைந்த வரலாற்றைத் தேடித் தரும், வெளியே நின்றவருக்குக் கதவைத் திறக்கும். எல்லாவற்றிற்கும் மேலாக, மலையிலிருந்து வரும் ஒரு பிள்ளையிடம், 'உன் வீட்டில் கேட்ட ஒலி அறிவுடையோர் செவிமடுக்கத் தக்கதே' என்று சொல்லும். எழுபத்தொரு ஆண்டு பிந்திச் சொன்னாலும் அச்சொல் வீண் போகவில்லை. காதை முதல் ஆசிரியராகவும் தாளை அதன் எழுத்தராகவும் வைத்துக்கொள்ளும் வரையில், விறாந்தைக்கும் விரிவுரை மண்டபத்திற்கும் பகை இல்லை.